மேலே பார்த்துக்கோ

சொன்ன வேலையைச் சொன்னபடி செய்ததற்காக முதுகில் அடி வாங்கிய ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அம்மா இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மேல பாத்துக்கோன்னு சொன்னா என்ன அர்த்தம்னு ஒரு பிள்ளைக்குத் தெரியாதா?" என்பாள். தெரிந்தது. தெரிந்த அர்த்தத்தின்படிதான் நடந்துகொண்டேன். அதுதான் சிக்கலாகிவிட்டது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் வீடு இலஞ்சியில். பங்குனி மாதம், பெரிய வகுப்புகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் பள்ளிக்கூடம். காலை முழுக்க வீட்டில் இருந்து அம்மாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. பங்குனியில் அருவி என்பது பாறையில் கசியும் ஈரம்தான். கடைக்கு வருவது குரங்குகள் மட்டும். இருந்தாலும் அப்பா தினமும் குளித்து, திருநீறு பூசி, பைக்கைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். பூட்டிக் கிடந்தால் கடைக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் அத்தையைக் கோயம்புத்தூரிலிருந்து அழைத்து வந்தார்கள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தை மாதம்தான் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு போய் ஏழு வகைச் சோற்றிலும் கை வைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. என்னிடம் "அத்தைக்கு உடம்புக்கு முடியல" என்று மட்டும் சொன்னார்கள். பாப்பா எங்கே என்று நான் கேட்டதற்கு அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்த மாதிரிக் கிள்ளுக்கு மேற்கொண்டு கேள்வி கிடையாது.

அத்தை சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் ஆள் அங்கே இல்லாததுபோல் இருக்கும். வளைகாப்பு வளையல்களை அவள் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ராத்திரி அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் காதில் விழுந்தது ஒன்றுதான்: அவளைத் தனியாக விடக்கூடாது. நான் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். என்னையும்தான் அருவிக்குத் தனியாக விடமாட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் கோயம்புத்தூரிலிருந்து மாமா வருவார். அத்தையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக் குழாய்களையெல்லாம் ரிப்பேர் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை அவர் அத்தையின் பைனாகுலரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டார். அத்தை கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கிறவர்களோடு சேர்ந்து சுற்றுவாள். வெயில் ஏறும் இந்த மாதங்களில், தெற்கே வந்து குளிர்காலத்தைக் கழித்த பருந்துகள் மலையை ஒட்டி வடக்கே திரும்பிப் போகும். ஆங்காங்கே ஆட்கள் உட்கார்ந்து அவற்றை எண்ணி, எண்ணிக்கையைத் தங்கள் குழுவுக்கு அனுப்புவார்களாம். மாமா வைத்துவிட்டுப் போன பைனாகுலரை அத்தை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கூடவே பயம். எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அம்மா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மாடிப்படிக்கும் அடுப்பங்கரைக்கும் நடையாய் நடந்தாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீயும் அத்தகூடப் போ. மேல பாத்துக்கோ, என்ன? கண்ண எடுக்கக் கூடாது. ஏதாச்சும்னா ஒடனே ஓடிவந்து எங்கிட்டச் சொல்லணும்."

இதில் எந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை? மேலே பார்க்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. ஏதாவது வந்தால் ஓடிவந்து சொல்ல வேண்டும். எனக்கு ஒரே பெருமை. பருந்து எண்ணுகிற வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்து, தலையை அண்ணாந்தபடியே படியேறி, முதல் நாளே கால் கட்டைவிரலில் இடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்திலேயே தடதடவென்று கீழே ஓடிவந்து, "அம்மா!" என்று கத்தினேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. "என்னட்டி? என்னாச்சு?"

"ஒரு பருந்து!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பருந்துக்கெல்லாம் வரவேண்டாம். வேற ஏதாச்சும்னா வா" என்றாள். வேற என்ன என்று கேட்டேன். அவள் விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். நானாக யோசித்து, திருவனந்தபுரம் போகும் ஏரோப்பிளேன் வந்தபோது மறுபடியும் ஓடிவந்தேன். இந்தத் தடவை கரண்டி விழவில்லை, என்மேல் வந்தது.

அத்தை எனக்கென்று தெற்குச் சுவரிலிருந்து தள்ளி ஒரு பாய் விரித்துக் கொடுத்தாள். எண்ணுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். மேற்கே பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கோணல் தென்னை, கிழக்கே தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் வானத்தில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்து மலைப்பக்கமிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் போகிற பருந்து ஒன்று என்று கணக்கு. தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். அது ஊர்ப் பருந்து, எங்கேயும் போகிறதில்லை.

"கருடன்?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு மேலே தினமும் வெள்ளைக் கழுத்துக் கருடன் ஒன்று சுற்றும். அதைப் பார்த்தால் அம்மா எந்த வேலையாக இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"அதுவும் உள்ளூர்க்காரருதான். கும்பிட்டுக்கோ, எண்ணாத."

எண்ணிக்கையை நாங்கள் தனித்தனியாக வைத்திருந்து, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். பெரியதைத்தான் அத்தை போனில் அனுப்புவாள். அனுப்பியது எல்லாம் என் எண்தான்! அத்தையிடம் பைனாகுலர் இருந்தது, டீச்சர் படிப்பு இருந்தது, பல வருடப் பழக்கம் இருந்தது. ஆனாலும் தினமும் அவளுக்கு என்னைவிட மூன்று நான்கு குறையும். "அதோ போச்சே அத்தை, தொட்டிக்கு நேரா போச்சே, பாக்கலையா?" என்பேன். "எங்கட்டி? விட்டுட்டேனே" என்பாள். "ஒனக்குக் கழுகுக் கண்ணு." பள்ளிக்கூடத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

அப்பாவுக்கும் விஷயம் பிடித்துப்போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு எத்தன?" என்று கேட்பார். "பதினொண்ணு" என்றால், "பரவால்லியே, ஒங்களுக்காவது வரத்து இருக்கு. நான் அங்கன ஈ ஓட்டுதேன்" என்பார். அத்தையின் உதடு லேசாக அசையும். சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மாவும் அப்பாவும் அதைக் கண்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பங்குனிக் கடைசியில் இரண்டு நாள் மூட்டமாக இருந்தது. ஒரு பருந்துகூட வரவில்லை. அத்தை மறுபடியும் பேச்சைக் குறைத்துவிட்டாள். மூன்றாம் நாள் வானம் பளிச்சென்று விட்டது. வெயில் ஏறி மாடித் தளம் சுட ஆரம்பித்த நேரம், மலைச்சரிவுக்கு மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் கிளம்பின. கொதிக்கிற உலையில் அரிசி சுழல்வதுபோல் மேலே மேலே சுழன்று, உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சிறகை விரித்து, அசைக்காமல், எங்கள் வீட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தன. நான் அவ்வளவு பருந்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அத்தை எழுந்து நின்றுவிட்டாள். "யம்மா... யம்மா..." என்று அவள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பைனாகுலரை என் கழுத்தில் மாட்டி, என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். அவள் வடக்குச் சுவரோரம் போய்ச் செங்கோட்டைப் பக்கம் பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். பிறகு என் தலைமாட்டில் குனிந்து என்னவோ வேகமாகச் சொன்னாள். நாற்பதில் இருந்தேன், காதைக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். கடைசியில் சொன்னது மட்டும் விழுந்தது. "எந்திரிக்காத. கண்ண எடுக்காம எண்ணு, என்ன?" ம் என்றேன். வளையல் சத்தம் படியிறங்கிப் போனது.

அம்மா மோர் கொண்டுவந்தபோது நான் எண்பதைத் தாண்டியிருந்தேன்.

"அத்தை எங்கட்டி?"

பேசக் கூடாது என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். எண்பத்தைந்து. எண்பத்தாறு.

"ஏட்டி, அத்தை எங்க?"

எண்பத்தேழு. அம்மா பைனாகுலரைப் பிடித்து இழுத்தாள். வார் கழுத்தை அறுத்தது. நான் ஓவென்று கத்தினேன். அவளோ நான்கு பக்கமும் சுவருக்கு ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சுவரிலும் எட்டிப் பார்க்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் என்னத்தைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தெருவில் நாய் படுத்திருந்தது, வேறொன்றும் இல்லை. அத்தை கீழே இறங்கிப் போனாள் என்று அழுகைக்கு நடுவில் சொன்னேன்.

பிறகு வீடு முழுக்க, குளியலறை, மோட்டார் அறை, கடைசியாகப் பின்பக்கக் கிணறு. கிணற்றுக்குள் பார்த்துவிட்டு அம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அத்தையின் போனுக்கு அடித்தாள். அது மாடியில் என் பாயிலேயே பாடியது. அப்பாவுக்கு அடித்து, "ஏங்க, காணல" என்று மட்டும் சொன்னாள்.

நான் பின்னாலேயே நின்றுகொண்டு, "அத்தை எதுக்கும்மா கெணத்துல இருக்கப் போறா?" என்று கேட்டேன். அப்போதுதான் முதுகில் விழுந்தது. "மேல பாத்துக்கோன்னு தானட்டி சொன்னேன்! கண்ண எடுக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"மேலதாம்மா பாத்தேன்! கண்ண எடுக்கவே இல்லையே! எண்பத்தேழு பாத்தேன்!"

அம்மா என்னையே பார்த்தாள். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. சொன்னது என்ன, நான் செய்தது என்ன என்று அவளுக்குப் புரிந்த நொடி அது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, தப்பு தன்மேல்தான் என்று அம்மா ஒப்புக்கொண்டதாக நினைத்து, இன்னும் சத்தமாக அழுதேன்.

அப்பா குற்றாலத்திலிருந்து வந்த வேகத்தில் பைக்கை ஸ்டாண்டு போடாமலே விட்டார். அது சாய்ந்து விழுந்தது. குளத்துப்பக்கம் ஓடினார், கோயில் பக்கம் ஓடினார், திரும்பி வந்து வாசலில் நின்றார். மாமாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று கையில் போனை வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. உள்ளேயிருந்து அத்தை இறங்கினாள். காலில் அப்பாவின் பழைய ரப்பர் செருப்பு. சேலைக் கரையெல்லாம் வயல் சேறு. முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. ஆட்டோக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, அக்கா ரோட்டையே பாக்கல. வானத்தப் பாத்துக்கிட்டே வலது, எடதுன்னு சொல்லுதாங்க. நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டே போயி ரெண்டு தடவ பள்ளத்துல விட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். விழுந்து கிடந்த பைக்கைப் பார்த்தாள். அம்மாவின் சேலையில் கிணற்றடி ஈரத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த வெயிலெல்லாம் வடிந்துவிட்டது.

"பருந்தெல்லாம் செங்கோட்டைப் பக்கம் வயல்ல எறங்குத மாதிரி இருந்துச்சு மதினி. அடுப்பங்கரை வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் போனேன். மிக்ஸி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒங்களுக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "போறவ... நின்னு ஒரு வார்த்த... சொல்லிட்டுல்லா போகணும்" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இந்தப் பெரியவர்களின் மடத்தனம் தாங்கவில்லை. அவ்வளவு நாள் மாடியில் கற்றது எதற்கு என்று நினைத்து, அழுகையைத் துடைத்துக்கொண்டு நடுவில் புகுந்தேன்.

"அம்மா, அத்தை கோட்டத் தாண்டிப் போனாலும் திரும்பி வந்துட்டால்ல? அப்பக் கழிச்சுரணும். போனதாக் கணக்குல வராது."

முதலில் அத்தைதான் சிரித்தாள். மூக்கு வழியாகப் பொசுக்கென்று கிளம்பி, அடக்கமுடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்கள். ஆட்டோக்காரர் சத்தமில்லாமல் அப்பாவின் பைக்கைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அப்பா தெருவுக்குப் போய் மாமாவுக்கு போன் போட்டார். "இன்னைக்குச் சிரிச்சா மாப்ள, நல்லாச் சிரிச்சா" என்று அவர் சொன்னது எதிர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலம் அத்தை என்னிடம் எத்தனை என்று கேட்டாள். எண்பத்தேழு, அதற்குமேல் அம்மா பிடுங்கிவிட்டாள் என்றேன். அதையே அனுப்பினாள். சித்திரை பிறந்து மாமா வந்து கூட்டிக்கொண்டு போனபோது, வளையல்களைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன பங்குனியில் அத்தை வந்திருந்தாள். நான் வேலையில் லீவு போட்டிருந்தேன். எல்லோரும் அதே மாடியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். அத்தை மகன் ஏழாம் வகுப்பு, ஒரு மூலையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் அம்மாவை வம்புக்கிழுத்து, மேல பாத்துக்கோ கதையை எடுத்தேன். அம்மா, "ஒனக்கு வேற வேலையில்ல" என்று குக்கரை அணைக்கக் கீழே போனாள். அவள் தலை மறைந்ததும் அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்கம்மா எங்கிட்டயும் அதேதான சொன்னா."

"என்னன்னு?"

"'இது சரியான கொரங்கு, கைப்பிடிச் சுவத்துல ஏறி நிக்கும். நான் அடுப்பங்கரைய விட்டு வரமுடியாது. மேல நீ பாத்துக்கோ, கண்ண எடுத்துராத'ன்னு." அத்தை காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பம்லாம் எனக்குச் சில நேரம் எந்திரிச்சு எங்கயாச்சும் போயிரணும் போல வரும். ஒன்னத் தனியா விட்டுட்டு எப்படிப் போகன்னு உக்காந்துருவேன். கையில ஒரு பிள்ளையக் குடுத்துட்டால்ல. அன்னைக்குக்கூட ஒன்னப் படுக்கவச்சு, எந்திரிக்காதன்னு சொல்லிட்டுத்தான் கீழ எறங்குனேன்."

அம்மா இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தால் கட்டிப்போட்டிருக்கிறாள். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதுமில்லை. கீழே குக்கர் சத்தம் நின்றது. மலைப்பக்கமிருந்து ஒரு பருந்து வந்து, இப்போது தென்னை இல்லாத அந்தக் கோட்டைத் தாண்டிப் போனது. அத்தை அதைக் கவனிக்கவில்லை. சுவரோரம் போய் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கழுகுக் கண் என்று எத்தனை பேரிடம் சொல்லித் திரிந்திருப்பேன்! பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தைக்கு மட்டும் தினமும் மூன்று நான்கு பருந்து ஏன் குறைந்தது என்று அந்த நான்காம் வகுப்புக்காரிக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.